ஊசி இறங்கிய இடம்

கேள்வி: நாங்கள் தென்காசி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறோம். ஏழு மாதங்களுக்கு முன், ஒன்றரை வயதான எங்கள் மகளுக்குத் துணை சுகாதார நிலையத்தில் முத்தடுப்பு ஊசியை இடது புட்டத்தில் போட்டார்கள். அன்று மாலையே அவள் அந்தக் காலை ஊன்ற மறுத்தாள். இப்போது பாதம் தொங்கியபடி இழுத்து இழுத்து நடக்கிறாள். இடுப்பிலிருந்து கால்வரை ஓடும் சியாட்டிக் நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதாகப் பரிசோதனை அறிக்கை சொல்கிறது. சுகாதார நிலையத்தில் கேட்டால், “தடுப்பூசியின் பக்கவிளைவு, இதற்கு யாரும் பொறுப்பில்லை” என்று ஒரு தாளில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அமெரிக்காவில் இதற்கு இழப்பீடு உண்டாமே, இங்கே கிடையாதா? அடுத்த குழந்தைக்கு ஊசியே வேண்டாம் என்று என் அம்மா பிடிவாதமாக இருக்கிறார்.

பதில்: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். போட்டுவிட்டால் மகளின் உரிமை ஒரேயடியாகப் போய்விடாது. ஆனால் “தந்தையே பக்கவிளைவு என்று ஒப்புக்கொண்டார்” என நாளை அரசு வழக்கறிஞர் அதைத்தான் முதலில் நீட்டுவார்.

நீங்கள் கேள்விப்பட்டது உண்மை. அமெரிக்காவில் 1986-இல் இதற்கென்றே சட்டம் இயற்றினார்கள். ஒவ்வொரு டோஸிலும் தடுக்கப்படும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி வசூலித்து ஒரு நிதியில் சேர்க்கிறார்கள். பாதிக்கப்பட்டவர் யாருடைய தவறையும் நிரூபிக்காமல் அதிலிருந்து இழப்பீடு பெறலாம். பிரிட்டனில் 1979-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கடுமையாக ஊனமுற்றவருக்கு 1,20,000 பவுண்டு ஒரே தொகையாகக் கிடைக்கும். நம் நாட்டில் குழந்தைகளுக்கான வழக்கமான தடுப்பூசிகளுக்கு அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. ஊர் முழுவதையும் காக்கும் திட்டத்தில் அபூர்வமாக ஒரு குழந்தை அடிபட்டால் அந்தச் சுமையை ஊர்தானே தாங்க வேண்டும்? அந்தக் குடும்பத்தையே நீதிமன்றப் படியேற விடுவது நியாயமில்லை என்பது என் கருத்து.

ஆனால் அந்தக் குறை உங்கள் வழக்கைத் தொடவில்லை. மருந்து உடலுக்குள் போய்ச் செய்யும் கெடுதல் வேறு, போடும் கை செய்யும் கெடுதல் வேறு. தேசியத் தடுப்பூசி அட்டவணைப்படி 16 முதல் 24 மாதங்களுக்குள் போடும் முத்தடுப்பு ஊக்க ஊசியைத் தொடையின் முன்பக்க வெளிப்புறத்தில் போட வேண்டும். சிறு குழந்தைக்குப் புட்டத்தில் போடக் கூடாது என்பதற்கு முக்கியக் காரணமே அவ்வழியாக ஓடும் சியாட்டிக் நரம்புதான். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதிப்புகளை ஆராயும் உலக சுகாதார நிறுவனத்தின் முறையில், மருந்தால் வந்தது, மருந்தின் தரக்குறைவால் வந்தது, போட்ட முறையின் பிழையால் வந்தது, பதற்றத்தால் வந்தது என்று தனித்தனி வகைகள் உண்டு. உங்கள் மகளுடையது மூன்றாவது வகையில் விழுகிறது என்றே நான் படிக்கிறேன். “யாரும் பொறுப்பில்லை” என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

ஆனால் புட்டத்தில்தான் போட்டார்கள் என்று காட்ட வேண்டுமே. தாய் சேய் நல அட்டையில் தேதி இருக்கும், ஊசி இறங்கிய இடம் இராது. இங்கேதான் பல வழக்குகள் படுத்துவிடுகின்றன. எனவே ஒன்று கேட்கிறேன்: காலில் வலுவில்லை என்று மருத்துவமனைக்குப் போனபோது குழந்தையின் மலத்தை மாதிரிக்கு எடுத்தார்களா? பதினைந்து வயதுக்குட்பட்ட எந்தக் குழந்தைக்கும் திடீரெனக் கைகால் தளர்ந்தால், போலியோவா என்று பார்ப்பதற்காக அதைத் தெரிவித்து, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பது நடைமுறை. அப்படி எடுத்திருந்தால், விசாரித்த மருத்துவர் ஒரு படிவமும் நிரப்பியிருப்பார். எந்தக் கால், எந்த நாளில் தளர்ந்தது என்பதெல்லாம் அதில் பதிவாகியிருக்கும். இழப்பீட்டை மனத்தில் வைத்து யாரும் எழுதாத அந்தத் தாள், பின்னால் நீங்கள் எழுதும் பத்துப் புகார்களைவிட நீதிபதியிடம் எடைபோடும்.

அந்தப் படிவத்தையும், உங்கள் மகளின் பாதிப்பு தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்பாகப் பதிவு செய்யப்பட்டதா, அத்தகைய பாதிப்புகளை ஆராயும் மாவட்டக் குழு என்ன முடிவு சொன்னது, அன்று பயன்படுத்திய மருந்தின் தொகுதி எண் என்ன, ஊசி போட்டவருக்கு என்ன பயிற்சி தரப்பட்டது என்பவற்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய் கட்டணத்துடன் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். பதிவே ஆகவில்லை என்றால் மாவட்ட சுகாதார அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மருத்துவமனையில் சிகிச்சைப் பதிவேட்டின் நகல் கேட்டால் 72 மணி நேரத்தில் தர வேண்டும் என்பது மருத்துவர்களின் நடத்தை விதி. உள்நோயாளிப் பதிவேட்டை மூன்று ஆண்டுகள்தான் வைத்திருக்கக் கடமை உண்டு என்பதையும் மறக்காதீர்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகச் சொல்லி யாராவது வழிகாட்டுவார்கள். யாரிடமும் கட்டணம் வாங்காத இடத்தில் கிடைத்த சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-இலேயே சொல்லிவிட்டது. துணை சுகாதார நிலையம் அப்படிப்பட்ட இடம்தான். (தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போட்டிருந்தால் அங்குதான் அனுப்புவேன், கெடு இரண்டு ஆண்டு.) காவல் நிலையத்துக்கும் போக வேண்டாம். மருத்துவக் கவனக்குறைவு குற்றமாவதற்கு அது மிக மோசமான அளவில் இருக்க வேண்டும் என்பது 2005-ஆம் ஆண்டுத் தீர்ப்பு. செவிலியர் சிறைக்குப் போனாலும் உங்கள் மகளின் பாதத்தைத் தாங்கும் காலணிக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் வராது.

மிச்சம் இரண்டு வழிகள். ஆவணங்கள் தெளிவாக இருந்து அரசு பெரிதாக மறுக்க முடியாத நிலை என்றால், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசமைப்புச் சட்டம் 226-இன்கீழ் ரிட் மனு. “புட்டத்தில் போடவே இல்லை” என்று அரசு வாதிட்டால், சாட்சி விசாரித்து முடிவு செய்ய வேண்டிய விஷயம் என்று சொல்லி உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே போவதானால் அரசுக்கு இரண்டு மாத அறிவிப்பு கொடுத்துவிட்டு, மகளின் பெயரில் நீங்கள் அவளுக்காக நின்று வழக்குத் தொடுக்க வேண்டும். ஊழியர் தவறுக்கு அரசு பொறுப்பாகுமா என்ற தயக்கம் வேண்டாம். குறைமாதத்தில் பிறந்த ஒரு குழந்தைக்குக் கண் பரிசோதனை செய்யாமல் விட்டதால் பார்வை போனது. சென்னை அரசு மருத்துவமனையில் நடந்த அந்தத் தவறுக்காக 2015-இல் உச்ச நீதிமன்றம் தந்த இழப்பீடு ஏறத்தாழ ரூ.1.8 கோடி. கீழே கிடைத்திருந்தது ஐந்து லட்சம். முழுப் பார்வை இழப்பையும் ஒரு பாதத்தையும் ஒரே தராசில் வைக்க மாட்டார்கள், அந்தத் தொகையை எதிர்பார்த்து உட்காராதீர்கள். ஆனால் இனி ஆகப்போகும் சிகிச்சைச் செலவையும் கணக்கிட வேண்டும் என்ற கொள்கை உங்களுக்கும் பொருந்தும். அதற்கு நரம்புப் பரிசோதனையைச் சில மாத இடைவெளியில் திரும்பச் செய்து, எவ்வளவு மீண்டது, எவ்வளவு மீளவில்லை என்று எழுதி வாங்குங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் இப்போதே விண்ணப்பியுங்கள்.

மைனர் என்பதால் காலவரம்புச் சட்டம் அவளுக்குச் சலுகை தருகிறது. பதினெட்டு வயதுவரை கெடு ஓடாது. நிதானமாகப் பார்க்கலாம் என்று பொருளல்ல. அதற்குள் பதிவேடுகள் போய்விடும், ஊசி போட்டவர் எங்கோ மாறுதலில் போயிருப்பார்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். குழந்தைகளுக்கு வருமானம் பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவிடம் மகளின் பெயரில் மனு கொடுங்கள்.

உங்கள் அம்மாவின் பயம் புரிகிறது. நான் மருத்துவர் அல்ல; ஆனால் இத்தனை தாள்களையும் படித்தபின் அந்த மருந்தின்மேல் ஒரு வரிக் குற்றச்சாட்டும் எனக்குக் கிடைக்கவில்லை. இளைய குழந்தையைக் கொண்டுபோகும்போது அம்மாவையும் கூட்டிப்போங்கள். தொடையின் முன்பக்கத்தில்தானே போடுகிறீர்கள் என்று செவிலியரிடம் அவரே கேட்கட்டும்.