வரிக்கணக்கை நாமே போடலாமா?

கேள்வி: இந்த வருஷம் வீட்டு வருமான வரிக்கணக்கை மென்பொருள் வைத்து நானே போட்டுத் தாக்கல் செய்ய நினைக்கிறேன். நம்பி இறங்கலாமா?

பதில்: தாராளமாக இறங்குங்கள். கூட்டல் கழித்தலை அது பார்த்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் தட்டுவதுதான் அதற்கு வேதவாக்கு. ஒருமுறை வங்கி வட்டி 5,400-ஐ நான் 4,500 என்று போட்டுவிட்டேன்; மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. அப்புறம் மொத்தத்தைச் சரிபார்த்தபோது 900 இடித்தது. இப்படி வரும் வித்தியாசம் 9-ஆல் மீதியின்றி வகுபட்டால், எங்கோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். கணக்கர்களின் பழைய சோதனை இது. போன வருஷக் கோப்பிலிருந்து விவரங்களை இழுத்தால், மூடிவிட்ட வங்கிக் கணக்கும் கூடவே வந்து உட்காரும், கவனம். அனுப்புவதற்கு முன் ஒரு பிரதி அச்செடுத்து, ஒவ்வொரு தொகையையும் ரசீதோடு ஒப்பிட்டுப் பேனாவால் டிக் அடியுங்கள்.