எதை மாற்றினால் காசு மிஞ்சும்? பயனீட்டாளர் கேள்வி பதில்

கேள்வி: சுங்கை சிப்புட், லிந்தாங் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். அப்பா, நான், தம்பி மூவருக்கும் ஒரே நிறுவனத்தின் போஸ்ட்பெய்ட். ஆளுக்கு மாதம் 68 ரிங்கிட். வாசலுக்கு வந்தால்தான் லைன் கிடைக்கிறது. வேறு நிறுவனத்துக்கு மாறினால் எண் போய்விடுமா?

பதில்: எண் போகாது. மலேசியாவில் 2008லிருந்து அதே எண்ணோடு நிறுவனம் மாறலாம். ஆனால் விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் லைன் கிடைக்கிறதா என்று பாருங்கள். பட்டணத்துக் கடையில் நான்கு கோடு காட்டுவது செம்பனைக் காட்டுக்குள் ஒன்றுகூடக் காட்டாமல் போகலாம்.

மாற நினைக்கும் நிறுவனத்தின் மலிவான ப்ரீபெய்ட் சிம் ஒன்றை வாங்கி ஒரு வாரம் பழைய போனில் போட்டு வையுங்கள். படுக்கையறை, சமையலறை, குளியலறைப் பக்கம் என்று நீங்கள் உண்மையில் பேசும் இடங்களில் சோதியுங்கள். இரவு 8 முதல் 10 வரை கட்டாயம் பாருங்கள். லயத்தில் எல்லாரும் வீடியோ பார்க்கும் அந்த நேரத்தில்தான் கோபுரத்தில் நெரிசல். காலை 10 மணிக்கு வேகமாக இருப்பதை நம்பாதீர்கள். பக்கத்து வீட்டார் சொல்வதும் போதாது, அவர் போனுக்குப் பிடிக்கும் அலைவரிசை உங்கள் போனுக்குப் பிடிக்காமலிருக்கலாம்.

அப்பாவின் போன் பழசா? நாட்டில் 3ஜி சேவை 2021 முடிவோடு மூடப்பட்டது. 4ஜி வழியாகக் குரல் அழைப்பு எடுக்க முடியாத போன், அழைப்பு வந்ததும் 2ஜிக்கு இறங்கும். அங்கே 2ஜி பலவீனமாக இருந்தால் எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் பேச்சு அறுந்துகொண்டேதான் இருக்கும். போன் அமைப்பில் 'வோல்டி' (VoLTE, 4ஜி வழிக் குரல் அழைப்பு) என்றொரு பொத்தான் இருக்கிறதா, அணைந்து கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதைத் திறந்துவிட்டாலே சில வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும், காசும் செலவாகாது.

மாறும்போது பழைய லைனை நீங்களே வெட்டிவிடாதீர்கள். எண் உயிரோடு இருந்தால்தான் மாற்ற முடியும். மைகார்டு எடுத்துக்கொண்டு புதிய நிறுவனத்தின் கடைக்குப் போனால், மற்ற வேலையை அவர்களே பார்ப்பார்கள். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம், சிம் வேறொருவர் பெயரில் இருப்பது. தாத்தாவின் எண் பேரன் பெயரிலும், மாமாவின் எண் எப்போதோ வேலை செய்த கடையின் பெயரிலும் இருக்கும். பழைய நிறுவனத்தில் பெயரைச் சரிசெய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பில் பாக்கி இருந்தாலும் தடை விழும். போன் சேர்த்து எடுத்த ஒப்பந்தமென்றால் முடியும் தேதியையும், முன்கூட்டி வெளியேறினால் கட்ட வேண்டிய தொகையையும் கேளுங்கள். அது மிச்சமாகும் பணத்தைவிடப் பெரிதாக இருந்தால் காத்திருப்பதே லாபம்.

ப்ரீபெய்ட்காரர்களுக்கு இரண்டு சொல். மிச்சமிருக்கும் டாப்-அப் பணம் உங்களோடு வராது, தீர்த்துவிட்டு மாறுங்கள். லைன் மாறும் நாளில் சில மணி நேரம் எண் இயங்காமல் போகலாம், அன்றைக்கு வங்கி டிஏசி (குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறை எண்) தேவைப்படும் வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மின்சார பில் மாதம் 246 ரிங்கிட் வருகிறது, 640 யூனிட். தெனாகாவைத் தவிர வேறு கம்பெனி இல்லையே, என்ன செய்வது?

பதில்: மேற்கு மலேசியாவில் வீட்டுக்காரர் மின்சாரக் கம்பெனியைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஆனால் உங்கள் கணக்கு மிக அருமையான இடத்தில் நிற்கிறது: 600க்குச் சற்று மேலே.

2025 ஜூலை 1 முதல் வந்த கட்டண முறையில் வீட்டு யூனிட்டுக்கு உற்பத்தி 27.03 சென், கொள்ளளவு 4.55 சென், மின்கம்பி வலையமைப்பு 12.85 சென், ஆக 44.43 சென் (மாதம் 1500 யூனிட் வரை). இதில் சிக்கனச் சலுகை கழிகிறது. அந்தச் சலுகை படிப்படியாகக் குறையும், அதுவும் மொத்த யூனிட்டுக்கும் சேர்த்து. 551 முதல் 600 வரை என்றால் யூனிட்டுக்கு 9 சென். 601ஐத் தொட்டதும் எல்லா யூனிட்டுக்கும் 7.5 சென்தான். அதோடு 600 வரை தள்ளுபடியாக இருந்த மாதம் 10 ரிங்கிட் சில்லறை விற்பனைக் கட்டணமும் (retail charge) பில்லில் ஏறிவிடும்.

640 யூனிட்டுக்கு 246 ரிங்கிட் 35 சென். 600 யூனிட்டுக்கு 212 ரிங்கிட் 58 சென். 40 யூனிட்டைக் குறைத்தால் 33 ரிங்கிட் 77 சென் மிச்சம். யூனிட்டுக்கு 84 சென்னுக்கு மேல்! இது புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதிக்கான 1.6 விழுக்காட்டைச் சேர்க்காத கணக்கு. 600ஐத் தாண்டிய பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரியும், எரிபொருள் விலைக்கேற்ப மாதாமாதம் மாறும் சரிக்கட்டலும் தனி.

அந்த 40 யூனிட் எங்கே இருக்கிறது? சாதாரண மேல்விசிறி 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி மோட்டார் விசிறி அதே காற்றுக்கு 30 வாட் அளவில் ஓடும். மூன்று விசிறி, நாளுக்கு 10 மணி நேரம், 30 நாள்: 40.5 யூனிட் குறையும். விசிறி மாற்றக் கையில் காசில்லையென்றால், இன்வெர்ட்டர் இல்லாத ஒரு குதிரைத்திறன் ஏர்கோனை இரவில் இரண்டு மணி நேரம் முன்னதாக அணைக்க டைமர் வையுங்கள். அதுவும் கிட்டத்தட்ட அதே அளவுதான். வாட்டர் ஹீட்டரைக் குறை சொல்பவர்கள் அதிகம். 3.5 கிலோவாட் ஹீட்டர் 10 நிமிடத்துக்கு 0.6 யூனிட்கூட எடுப்பதில்லை, குளித்து முடித்ததும் அணைத்தால் போதும்.

மாதம் முடிந்து பில்லைப் பார்த்துப் பயனில்லை. நாளுக்கு 20 யூனிட் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 20ஆம் நாள் 400ஐத் தாண்டியிருந்தால் கடைசிப் பத்து நாள் கையைக் கட்ட வேண்டும். ஸ்மார்ட் மீட்டர் உள்ள வீட்டுக்குத் தெனாகாவின் மைடிஎன்பி செயலியிலேயே அன்றாடக் கணக்கு தெரியும். பழைய மீட்டர் என்றால் எண்ணை எழுதி வையுங்கள்.

ஸ்மார்ட் மீட்டர் இருப்பவர்கள் நேரத்துக்கேற்ற கட்டணத்துக்கும் விண்ணப்பிக்கலாம். திங்கள் முதல் வெள்ளி வரை பிற்பகல் 2 முதல் இரவு 10 வரை உற்பத்திக் கட்டணம் 28.52 சென், மற்ற நேரமெல்லாம் 24.43 சென். பகலில் வீடு பூட்டிக் கிடந்து, துணி துவைப்பதும் இஸ்திரி போடுவதும் சனி ஞாயிறு என்றால் மிஞ்சும். மொத்தத்தில் 30 விழுக்காடு மட்டும் உச்ச நேரத்தில் போனால் 600 யூனிட்டுக்கு 8 ரிங்கிட் அளவு மிச்சம். உச்ச நேரப் பங்கு 63 விழுக்காட்டைத் தாண்டினால் நட்டம்.

கேள்வி: கேஸ் தோம்பு எந்த பிராண்ட் மலிவு?

பதில்: எல்லாம் ஒன்றுதான். வீட்டுக்கான மானிய கேஸ் கிலோ 1 ரிங்கிட் 90 சென், 14 கிலோ தோம்பு 26 ரிங்கிட் 60 சென், பிராண்ட் எதுவானாலும். கடைக்குக் கடை மாறுவது கொண்டுவந்து கொடுக்கும் கூலி மட்டுமே, அதில்தான் பேரம். பிராண்ட் மாற்ற வேண்டுமென்றால் காலி தோம்பை எடுத்துக்கொள்வார்களா என்று முதலில் கேளுங்கள். பல கடைகள் வேறு நிறுவனத் தோம்பை வாங்குவதில்லை.

கேள்வி: தாமானில் வீடு. ஃபைபர் இணையத்துக்கு, 100 எம்பிபிஎஸ், 129 ரிங்கிட் கட்டுகிறோம். விற்பனையாளர் வேறு நிறுவனத்துக்கு மாறச் சொல்கிறார்.

பதில்: 129 என்பது பழைய விலை. 2023 கடைசியிலிருந்து 100 எம்பிபிஎஸ் 99 ரிங்கிட் அளவுக்கு இறங்கிவிட்டது. பழைய வாடிக்கையாளருக்குத் தானாகக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள், கேட்டால்தான் குறையும். முதலில் இப்போதைய நிறுவனத்தை அழைத்து, "புது வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் விலைக்கு மாற்றுங்கள்" என்று சொல்லுங்கள். ஆண்டுக்கு 360 ரிங்கிட் மிச்சம், சுவரில் ஓட்டை போட வேண்டாம். ஆனால் விலையைக் குறைக்கும்போதே புதிதாக 24 மாத ஒப்பந்தம் ஒட்டிக்கொள்ளும், அதைக் கேட்டுவிட்டுச் சம்மதியுங்கள். விளம்பர விலையோடு 6 விழுக்காடு சேவை வரி சேரும், 99 என்பது 104 ரிங்கிட் 94 சென்.

குறைக்க மாட்டோம் என்றால் மாறலாம். இங்கே ஒரு சிக்கல்: பல நிறுவனங்கள் டிஎம்மின் (டெலிகோம் மலேசியா) அதே கம்பியைத்தான் வாடகைக்கு எடுத்து விற்கின்றன. வேகம் பெரிதாக மாறாது, பழுது பார்க்க வருபவரும் மாற மாட்டார். தெருக் கம்பத்துப் பெட்டியில் காலி இணைப்பு இல்லையென்றால் பழைய சேவை விடுவிக்கப்படும்வரை புதியது ஏறாது. அந்த இடைவெளி எத்தனை நாள் என்பதைப் பிள்ளைகளின் தேர்வு வாரத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். பழைய ரூட்டரையும், ஃபைபர் கம்பி வந்து சேரும் வெள்ளைப் பெட்டியையும் (மோடம்) அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். அடாப்டர் காணாமல் போனதற்கும் பில் வரலாம்.

கேள்வி: வீட்டுக்கு வந்தவரிடம் சித்தி 2,800 ரிங்கிட் தண்ணீர் வடிகட்டிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். 200 ரிங்கிட் முன்பணமும் கொடுத்துவிட்டார். நான்கு நாளாகிறது. ரத்து செய்யலாமா?

பதில்: செய்யலாம், இன்றைக்கே. நேரடி விற்பனை மற்றும் பிரமிட் திட்டத் தடுப்புச் சட்டம் 1993இன்படி வீடு தேடி வரும் விற்பனையில் 300 ரிங்கிட்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்துக்கு 10 வேலை நாள் யோசிக்கும் காலம் உண்டு. அதற்குள் பொருளும் தரக்கூடாது, பணமும் வாங்கக்கூடாது. தொலைபேசியில் சொன்னால் போதாது. "இன்ன தேதி ஒப்பந்தத்தை ரத்து செய்கிறேன், முன்பணம் 200 ரிங்கிட்டைத் திருப்புங்கள்" என்று இரண்டே வரி எழுதி, ஒப்பந்தத்திலுள்ள முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விற்பனையாளரின் வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பாதீர்கள், அவர் நாளைக்கு வேறு கம்பெனியில் இருப்பார்.

வடிகட்டி பொருத்தியிருந்தால் பயன்படுத்தாமல் படம் எடுத்து வையுங்கள். பணம் திரும்பவில்லையென்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்குப் போடலாம். 50,000 ரிங்கிட் வரை விசாரிப்பார்கள், வக்கீல் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும்.

வடிகட்டி கட்டாயம் வேண்டுமென்றால் சாதாரண 10 அங்குல உறையுள்ளதை வாங்குங்கள். அதன் உள்திரி எந்த பிராண்டிலும் பொருந்தும். ஒரு நிறுவனத்தின் திரி மட்டுமே பொருந்தும் இயந்திரத்துக்கு ஆண்டுதோறும் அவர்கள் சொல்வதே விலை. மாத வாடகை என்று வந்தால் மாதத் தொகையை மட்டும் பார்க்காமல் மாதங்களால் பெருக்குங்கள்: 85 ரிங்கிட், 60 மாதம், 5,100 ரிங்கிட்.