எம்.எஃப்.ஏ. போகட்டுமா? பெருந்துறை அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணா, நீங்கள் எழுதியதை முழுசாகப் படித்தேன். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரியில் பி.எஃப்.ஏ. (நுண்கலை இளங்கலை) பெயின்டிங் கடைசி வருடம் படிக்கும் பாப்பா எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) போகிறேன் என்கிறாள், வீட்டில் பெரியவர்கள் "நாலு வருசம் படம் வரைஞ்சது பத்தாதா" என்கிறார்கள், நீங்கள் இரண்டு பக்கமும் பதில் சொல்ல முடியாமல் தவிக்கிறீர்கள். எம்.எஃப்.ஏ. முடித்தால் வேலை நிச்சயம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். (எம்.காம்., எம்.எஸ்ஸி. முடித்தவர்களுக்கும் யாரும் அப்படி எழுதித் தருவதில்லை, ஆனால் அவர்களை ஒருவரும் கேட்பதில்லை!) இந்த 2 வருடத்தில் அவளுக்குக் கிடைப்பது வரைய ஓர் இடம், வேலையைப் பார்த்துக் கூசாமல் குறை சொல்லும் ஆசிரியர்கள், கூடப் படிக்கும் ஒரு சின்னக் கூட்டம். பின்னாளில் கண்காட்சிக்குக் கூப்பிடுவதும், இந்த இடத்தில் ஆள் தேவையாம் என்று போன் பண்ணுவதும் அந்தக் கூட்டம்தான். அதனால் படிக்கலாமா என்பதைவிட எங்கே படிப்பது என்பதில்தான் உங்கள் கவனம் இருக்க வேண்டும். நல்ல இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருடம் பொறுங்கள், சும்மா இருக்க வேண்டாமே என்று கிடைத்த இடத்தில் சேர்த்துவிடாதீர்கள்.

சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி 1850இல் தொடங்கியது, மொழிச் சிக்கல் இல்லை, செலவும் குறைவு. ஆனால் கும்பகோணத்தில் படித்த பிள்ளைக்கு அங்கே போனாலும் பழகிய பேச்சும் பழகிய பார்வையும்தான் கிடைக்கும் என்று எனக்கு ஒரு நினைப்பு. பரோடா எம்.எஸ். பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம், ஓவியர் நந்தலால் போஸும் சிற்பி ராம்கிங்கரும் கற்பித்த சாந்திநிகேதன் கலாபவன், ஹைதராபாத் பல்கலைக்கழகம், இந்த மூன்றுக்கும் முதலில் முயற்சி செய்யட்டும். அவ்வளவு தூரம் மனசு வரவில்லை என்றால் திருவனந்தபுரம் நுண்கலைக் கல்லூரி இருக்கிறது, திம்பம் மலைப்பாதை ஏறிப் போனால் மைசூரில் சாமராஜேந்திரா அகாடமி இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்கு சி.யு.இ.டி. என்ற பொது நுழைவுத் தேர்வில் முதுகலைக்கான தேர்வை எழுத வேண்டியிருக்கும், அதற்கு விண்ணப்பம் டிசம்பர், ஜனவரி வாக்கிலேயே வந்து போய்விடுகிறது, கடைசி செமஸ்டர் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்தால் வண்டி போய்விடும்.

தேர்வைவிடப் பெரிய விஷயம் போர்ட்ஃபோலியோ, அதாவது தான் வரைந்ததில் தேர்ந்தெடுத்துக் காட்டும் தொகுப்பு. நம் பக்கத்துப் பிள்ளைகள் பலரும் கைத்திறமையைக் காட்டத்தான் பார்க்கிறார்கள்: போட்டோவைப் பார்த்து வரைந்த நடிகர் முகம், அச்சு அசலாக ஒரு கோயில் கோபுரம், ஒரு குதிரை. நேர்காணலில் இருப்பவர்கள் அதை ஆயிரம் பார்த்திருப்பார்கள். அவர்கள் தேடுவது, இந்தப் பெண் ஒரே விஷயத்தை விடாமல் துரத்தியிருக்கிறாளா என்பதைத்தான். உங்கள் வீட்டை ஒட்டியே தறிக்குடோன் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், பாவு ஓடுவதையும் பஞ்சுத் தூசி படிந்த ஜன்னலையும் ராத்திரி ஷிப்டில் நிற்பவர்களையும் அவள் ஒருமுறையாவது வரைந்திருக்கிறாளா, கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு பத்துப் படம், கூடவே கிறுக்கலும் அடித்தலுமாக இருக்கும் ஸ்கெட்ச் புத்தகம், ஏன் இதை வரைகிறேன் என்று நாலு வரி எளிய ஆங்கிலத்தில் சொல்லும் பழக்கம் இருந்தால் போதும், இலக்கணம் தப்பினால் யாரும் மார்க் குறைக்க மாட்டார்கள்.

இனி காசு. பள்ளி ஓவிய ஆசிரியர் வேலைதான் குறி என்றால் எம்.எஃப்.ஏ. தேவையே இல்லை, அதற்கு வேறு வழி. கல்லூரியில் கற்பிக்க வேண்டும் என்றால்தான் இந்தப் பட்டம்: முதுகலையில் 55 சதவீதம், அப்புறம் யு.ஜி.சி. நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு, அதில் காட்சிக்கலை என்று தனிப் பாடமே உண்டு. அதே தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய், அது வீட்டில் பேச்சை மாற்றிவிடும். மத்திய கலாச்சார அமைச்சகம் 18 முதல் 25 வயது இளம் கலைஞர்களுக்கு 2 வருடம் மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது, அதையும் பார்த்து வைக்கச் சொல்லுங்கள். ஓவியம் விற்றுப் பிழைப்பது முதல் சில வருடங்களில் நடக்காது என்றே கணக்குப் போடுங்கள். அதுவரை தாக்குப்பிடிக்க நம் ஊரிலேயே ஒரு பிடி இருக்கிறது. கலைக்கல்லூரியில் செரிகிராஃபி என்று சொல்லித் தருவதும் திருப்பூரில் டி-ஷர்ட்டுக்கு ஓட்டும் ஸ்கிரீன் பிரிண்டிங்கும் அடிப்படையில் ஒரே வேலைதான். கலர் செப்பரேஷன் (ஒரு படத்தை அச்சுக்கு நிறம் நிறமாகப் பிரிப்பது) தெரிந்து, கண்ணும் தேறிய ஆளுக்குப் பிரிண்டிங் யூனிட்டில் மதிப்பு உண்டு, எனவே விருப்பப் பாடமாக பிரிண்ட்மேக்கிங் (அச்சுக்கலை) எடுக்க முடிந்தால் விட வேண்டாம். ஆனால் இப்போதே டிசைனராகப் போய்விடு என்று அழுத்தாதீர்கள், சம்பளம் பழகிவிட்டால் திரும்பப் படிக்க வருகிறவர்கள் குறைவு.

கல்யாணப் பேச்சை நான் தொடவில்லை, அது உங்கள் வீட்டு விஷயம், 2 வருடம் தள்ளினால் ஒன்றும் ஆகாது என்பது மட்டும் என் கருத்து.

கொச்சியில் 2012இல் தொடங்கிய பினாலே என்ற பெரிய கலைக் கண்காட்சி அடுத்து நடக்கும்போது அவளோடு நீங்களும் போய் வாருங்கள், ஈரோட்டில் ரயில் ஏறினால் எர்ணாகுளம் ஒரு பகல் பயணம்கூட இல்லை. அங்கே கலைக்கல்லூரி மாணவர்களின் படைப்புகளுக்கென்றே தனிக் கண்காட்சி நடக்கும், அதை முதலில் பாருங்கள். அதற்கு முன்னால், அவள் வரைந்ததில் அவளுக்கே பிடித்ததைப் பகல் வெளிச்சத்தில், பிளாஷ் போடாமல், நேராக வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எந்த இடத்துக்கு எதை அனுப்பலாம் என்று பார்த்துச் சொல்கிறேன்.