மூன்றாவது வீட்டுக்கும் அதையே வரைகிறீர்களா?

கேள்வி: எனக்கு 26 வயது. வடக்கே ஒரு கல்லூரியில் ப்ராடக்ட் டிசைன் படித்துவிட்டு, பெங்களூரில் 2 வருடம் வேலை பார்த்தேன். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் கோவைக்கே திரும்பிவிட்டேன். இப்போது சரவணம்பட்டி, காளப்பட்டி பக்கம் அடுக்குமாடி வீடுகளுக்கு இன்டீரியர் செய்து கொடுக்கிறேன். வருமானம் அதில்தான். ராத்திரியில் ஸ்டூல், விளக்கு என்று சொந்தமாக எதையாவது வரைந்து, ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறையில் கொடுத்துச் செய்து பார்க்கிறேன். ‘ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வெக்காத சாமி, இன்டீரியரை மட்டும் பாரு’ என்கிறார் மாமா. படித்த படிப்பை வீணாக்குகிறாய் என்கிறார் என் பேராசிரியர். ஒரு ஸ்டூல் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டேன், நல்ல வரவேற்பு வந்தது. அந்தப் படத்தை உங்களுக்கும் அனுப்பியிருக்கிறேன். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் என் ஸ்டூல் வரைபடத்தை வேறோர் ஆசாரியிடம் கொடுத்துச் செய்துகொண்டார். மனசே விட்டுப்போச்சு. இரண்டில் எதை விடட்டும்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோவை

பதில்: அம்மிணி, இப்போதைக்கு எதையும் விட வேண்டாம். அதற்காக இரண்டையும் இப்போது செய்கிற மாதிரியே செய்துகொண்டிருக்கவும் வேண்டாம். பகலில் வீடு, ராத்திரியில் பொருள் என்று நடுவில் நீங்களே ஒரு சுவர் வைத்திருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. அதைச் சொல்ல என் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் வடவள்ளியில் ஒரு வீட்டுக்குச் சமையலறை செய்தேன். மாடுலர் கிச்சன் நம் ஊருக்குள் அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தது. கேட்டலாக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரைந்தேன். 2 அடி ஆழம், மேடை 34 அங்குல உயரம், எல்லாம் அளவு பிசகாமல். டேபிள் டாப் கிரைண்டருக்கென்று தனியாக ஓர் அலமாரி. கதவைத் திறந்து தட்டை இழுத்தால் கிரைண்டர் சேனலில் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் முதலில் அதைத்தான் இழுத்துக் காட்டினார்கள்.

ஆறு மாதம் கழித்து ஒரு கதவின் கீல் சரி செய்யப் போனேன். அந்த வீட்டு அம்மா பின்கட்டில், தரையில் மடித்த சாக்கின் மேல் கிரைண்டரை வைத்து, மணை போட்டு உட்கார்ந்து மாவாட்டிக்கொண்டிருந்தார். “அந்தத் தட்டுல வெச்சு ஆட்டுனா கடகடன்னு ஆடுதுங்க தம்பி. அதான் கீழ எறக்கிட்டேனுங்க” என்றார். என் மனசு நோகக் கூடாதே என்று மெதுவாகத்தான் சொன்னார். போய் இழுத்துப் பார்த்தேன். தட்டு முன்பக்கம் தொங்கியிருந்தது. சேனல் திருகுகள் பிளைவுட்டை அரித்துத் துளையைப் பெரிதாக்கியிருந்தன. கிரைண்டரின் எடையைக் கணக்குப் போட்ட நான், ஊறின அரிசியோடு கல் சுற்றும்போது வரும் உதறலைக் கணக்கில் எடுக்கவே இல்லை.

சரி, மேடை மேலேயே வைத்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. மேடை 34 அங்குலம், அதன் மேல் கிரைண்டர் ஓர் அடிக்கு மேல். பாத்திரத்தின் விளிம்பு 47 அங்குலத்துக்குப் போய்விடும். 5 அடி உயரம் உள்ள ஒருவருக்கு அது ஏறக்குறையத் தோள் மட்டம். உளுந்து பொங்கி வருகிறதா என்று கைவிட்டுப் பார்க்க, ஓரத்தில் ஒட்டியதை வழித்துத் தள்ள, ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்க வேண்டும். முடிந்ததும் மாவோடு பாத்திரத்தை அந்த உயரத்திலிருந்து இறக்க வேண்டும். அந்த அம்மா தரையைத் தேடிப் போனதில் அவ்வளவு நியாயம் இருந்தது.

பிறகு அந்தப் பின்கட்டுக் கதவோரமாக 22 அங்குல உயரத்தில் கிரானைட் மேடை ஒன்று கட்டிக்கொடுத்தேன். கீழே முழுக்கச் செங்கல், அதனால் ஆட்டமே இல்லை. பக்கத்திலேயே ஒரு குழாய், கழுவின தண்ணீர் ஓட ஒரு சரிவு. விளிம்பு இடுப்புக்கு வந்துவிட்டது. அதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் தனக்கும் வேண்டும் என்றார். அதற்கப்புறம் குறைந்தது பத்துப் பன்னிரண்டு வீடுகளில் கட்டியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக அளந்து, புதிதாக வரைந்து, கொத்தனாரிடம் புதிதாக விளக்கிச் சொல்லி. அது ஒரு தனிப் பொருள், கல்லும் இரும்புச் சட்டமுமாக ஒரே அளவில் செய்து எந்த வீட்டிலும் கொண்டுபோய் வைக்கலாம் என்கிற எண்ணம் ஒரு நாளும் எனக்கு வரவில்லை. எனக்கு வீடு மட்டும்தான் தெரிந்தது. அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

உங்களுக்கு இரண்டும் தெரிகிறது. அதனால் ஒன்று கேட்கிறேன். கடைசியாக நீங்கள் செய்த ஐந்தாறு வீடுகளின் வரைபடங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை தரையில் பரப்பிப் பாருங்கள். எந்தப் பொருளை மூன்றாவது தடவையாக வரைந்திருக்கிறீர்கள்? வாசலில் உட்கார்ந்து ஷூ போட ஒரு பலகையாக இருக்கலாம். ஆர்ஓ எந்திரத்துக்குக் கீழே குடம் வைக்கிற தாங்கியாக இருக்கலாம். துணி காயப்போட இடமே இல்லாத பால்கனிக்கு ஒரு கொடியாக இருக்கலாம். மூன்றாவது வீடும் அதையே கேட்கிறது என்றால், அதற்குக் கடையில் நல்ல பதில் இல்லை என்று அர்த்தம். உங்கள் ப்ராடக்ட் வேலையை அங்கிருந்து தொடங்குங்கள். ராத்திரி 11 மணிக்கு வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பணம் கொடுத்து உங்களைத் தன் வீட்டுக்குள் விடுகிற ஒவ்வொரு வாடிக்கையாளரும் உங்களுக்கு ஆய்வுக்கூடம்தான்.

நம் ஊருக்கு இது புதிதல்ல. ஆட்டுக்கல்லுக்கு மோட்டார் பூட்டி 1955-ல் வெட் கிரைண்டரைக் கொண்டுவந்தவராக நம் கோவையின் பி. சபாபதியைச் சொல்கிறார்கள். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. வீட்டு வேலை ஒன்றைக் கவனித்துப் பார்த்ததில் பிறந்த பொருள் அது. ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் பஸ் ஓட்டித் தொழிலைத் தொடங்கியவர். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து மின் மோட்டார் செய்தார். மின்சார ஷேவர் ரேசரும் செய்தார். மாமா மறுபடி ஆறு, சேறு என்று ஆரம்பித்தால் அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. நாயுடு அருங்காட்சியகத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள்.

ஆனாலும் மாமாவின் கவலையில் ஓர் உண்மை உண்டு. இரண்டும் ஒரே கண்ணால் பார்க்கிற வேலை என்றாலும், தவறு நடக்கும்போது வேறுவேறு மாதிரி அடிக்கும். வீட்டில் சுவர் தூக்குக்குண்டுக்கு நிற்காது, மூலை 90 டிகிரி இருக்காது. ஆனால் அங்கே ஓர் ஆசாரி இருக்கிறார். நீங்கள் 5 மில்லிமீட்டர் தப்பாக வரைந்தாலும் பலகையின் ஓரத்தைச் சுவருக்கு ஏற்றபடி இழைத்து, மேலே ஒரு பீடிங், அதாவது மெல்லிய மரப்பட்டி, அடித்து உங்கள் மானத்தைக் காப்பாற்றிவிடுவார். பொருளுக்கு அப்படி யாரும் கிடையாது. ஒரு மில்லிமீட்டர் தப்பு 200 உருப்படியிலும் அப்படியே போய் உட்காரும்.

நீங்கள் அனுப்பிய ஸ்டூல் படத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று மரக்கால்களைப் பிடிக்கிற அந்த அலுமினிய வார்ப்பு, மேலே பவானி ஜமக்காளத்தின் பட்டைக் கோடுகள். அழகாக இருக்கிறது, மனசாரச் சொல்கிறேன். இனி பட்டறைக்காரராகப் பேசுகிறேன். அலுமினியம் ஆறும்போது 100 மில்லிமீட்டருக்கு 1.3 மில்லிமீட்டர் வரை சுருங்கும். பேட்டர்ன், அதாவது வார்ப்பு மண்ணில் பதிக்கிற மாதிரி உரு, செய்கிறவர் அதைச் சேர்த்துத்தான் செய்வார், ஆனால் உங்கள் வரைபடத்தில் இருப்பது பொருளின் அளவா, பேட்டர்னின் அளவா என்று எழுதியிருக்க வேண்டும். மண்ணிலிருந்து பேட்டர்ன் சுத்தமாகக் கழன்றுவர, நிற்கிற பக்கங்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சரிவு வேண்டும். உங்கள் படத்தில் பக்கங்கள் நேராக நிற்கின்றன. கால் நுழைகிற துளையை வார்ப்போடு விட்டுவிடாதீர்கள். லேத்தில் ஒரு முறை போரிங் போட்டு, அதாவது துளையைக் கடைந்து, அளவுக்குக் கொண்டுவந்தால்தான் மூன்று காலும் ஒரே சாய்வில் நிற்கும். மரமும் சும்மா இருக்காது. கோவையில் இறுக்கமாக நிற்கிற கால் கொச்சிக்குப் போனால் உப்பும், நம் பங்குனி வெயிலில் சுருங்கி ஆடும். பசையை மட்டும் நம்பாமல் குறுக்கே ஒரு பின் ஆணி கொடுங்கள்.

ஜமக்காளமும் பருத்திதான், உட்கார உட்காரத் தளரும். அடியில் இழுத்துக் கட்ட ஒரு வழி வையுங்கள், கழற்றித் துவைக்கவும் அது உதவும். பவானி ஜமக்காளத்துக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி விற்கப் போகிறீர்கள் என்றால் பவானி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலேயே வாங்குங்கள். விலை குறைவு என்று விசைத்தறித் துணியைப் போட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வது, உங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போனவர் செய்த அதே காரியம்.

அந்த விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது, எனக்கும் நடந்திருக்கிறது. சட்டத்தில் ஒரு வழி உண்டு. 2000-ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்தின்படி ஒரு பொருளின் தோற்றத்தைப் பதிவு செய்யலாம். 10 வருடப் பாதுகாப்பு, அதன் பின் 5 வருடம் நீட்டிக்கலாம். ஆனால் வெளியே காட்டுவதற்கு முன்பே விண்ணப்பித்துவிட வேண்டும். ஸ்டூல் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டு நல்ல வரவேற்பு வந்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வடிவத்துக்குப் பெரும்பாலும் வாசல் மூடிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெளிவாக வேறுபடுகிற அடுத்த வடிவம் வரட்டும். அதை முதலில் பதிவு செய்யுங்கள், அப்புறம் படம் போடுங்கள். இன்டீரியர் வாடிக்கையாளர்களிடம் இன்னும் எளிமையாகப் போகலாம். முன்பணம் வரும்வரை தோற்றப்படம் மட்டும் காட்டுங்கள், அளவுகளோடு வரைபடம் அதற்குப் பிறகு. முறைத்துக்கொள்ளத் தேவையில்லை, முதல் நாளே தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் போதும்.

காசு விஷயம் சுருக்கமாக. வீடு வேலை நடக்க நடக்கப் பணம் தரும். பொருள் முதலில் பணம் கேட்கும். அதனால் பிளாஸ்டிக் மோல்டுக்குப் பல லட்சம் போடுகிற யோசனை இப்போது வேண்டவே வேண்டாம். மண் வார்ப்பு, லேசரில் வெட்டி வளைத்த தகடு, மரம், துணி: இந்த நாலும் 20 உருப்படி, 30 உருப்படி என்று செய்துகொடுக்க ஆள் இருக்கிற ஊரில் இருக்கிறீர்கள். கணபதியிலும் குறிச்சி சிட்கோவிலும் நடந்தே போய்க் கேட்டு வரலாம். பெங்களூரில் இதற்கு எவ்வளவு அலைந்திருப்பீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். வாரத்தில் ஒரு முழுப் பகலை, வெள்ளிக்கிழமையோ சனிக்கிழமையோ, பட்டறைக்கென்று ஒதுக்குங்கள். அன்றைக்கு எந்த சைட்டுக்கும் போகாதீர்கள். ராத்திரியில் தூங்குங்கள். அப்பாவைப் பார்த்துக்கொள்கிற பெண் இரண்டு வேலைக்கும் கண் விழித்தால் உடம்பு தாங்காது.

உங்கள் பேராசிரியருக்கு நீங்கள் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஸ்டூலை அனுப்பி வையுங்கள்.

அந்த 22 அங்குல மேடையை நீங்கள் எடுத்துச் செய்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். நான் கட்டியதெல்லாம் செங்கல், இடத்தை விட்டு நகராது. வாடகை வீட்டுக்காரர்கள் நிறையப் பேர் கேட்டார்கள், அவர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கழற்றி எடுத்துப் போகிற மாதிரி, உதறலுக்கு அசையாத மாதிரி ஒரு சட்டம் வேண்டும். மேல் கல் 18-க்கு 18 அங்குலம் இருந்தால் 2 லிட்டர் கிரைண்டருக்குப் போதும், கீழே முன்பக்கம் மட்டும் கால் விரல் நுழைய 3 அங்குலம் உள்வாங்கட்டும். என் பழைய வரைபடங்கள் இருக்கின்றன. ஆசிரியருக்கு ஒரு வரி எழுதுங்கள், அனுப்பி வைக்கிறேன்.