டாரியர்ஸ்: சத்திரம் போல் இருந்த ஒரு குழு

கேள்வி: ஹாலிவுட் நடிகர் ஆலன் ஆர்கின் இளமையில் ஒரு நாட்டுப்புற இசைக்குழுவில் பாடியவர் என்று படித்தேன். அது எந்தக் குழு? இன்று அதை யாரும் நினைவுகூராதது ஏன்?

பதில்: அந்தக் குழுவின் பெயர் டாரியர்ஸ். 1956-இல் நியூயார்க்கில் எரிக் டார்லிங், பாப் கேரி, ஆலன் ஆர்கின் ஆகிய மூவரும் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். இருப்புப்பாதைக்காகப் பாறையைத் துளையிட்ட ஐரிஷ் தொழிலாளர்களைப் பற்றிய பழைய பாடல் ஒன்றிலிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள். கேரி கறுப்பினத்தவர், மற்ற இருவரும் வெள்ளையர். அமெரிக்காவின் மாண்ட்கமரி நகரில் பேருந்துகளில் நிலவிய நிறப் பாகுபாட்டை எதிர்த்துக் கறுப்பினத்தவரின் பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில் இப்படி ஒரு குழு மேடையேறியது சிறிய செய்தியன்று.

வின்ஸ் மார்ட்டின் பாடிய ‘சின்டி, ஓ சின்டி’ என்ற இசைத்தட்டில் பின்னணிக் குழுவாக இருந்து அவர்கள் முதலில் கவனம் பெற்றார்கள். அடுத்து, ஜமைக்காவின் இரண்டு நாட்டுப்புறப் பாடல்களை ஒன்றாகப் பின்னி அவர்கள் பதிவு செய்த ‘பனானா போட் சாங்’ (வாழைப்பழக் கப்பல் பாட்டு) 1957-இன் தொடக்கத்தில் அமெரிக்காவின் பில்போர்டு பாடல் தரவரிசைப் பட்டியலில் 4-ஆம் இடம் வரை ஏறியது. ஏறத்தாழ அதே வாரங்களில் ஹாரி பெலஃபான்டேயின் பதிவு 5-ஆம் இடத்தைத் தொட்டது. இன்று அந்தப் பாடல் என்றாலே உலகம் பெலஃபான்டேயைத்தான் நினைக்கிறது. அதில் அநியாயம் எதுவும் இல்லை என்பதே என் எண்ணம். விடிய விடிய வாழைத்தார் ஏற்றியவனின் அலுப்பு பெலஃபான்டேயின் குரலில் இருக்கிறது. டாரியர்ஸ் அதே பாடலை ஒரு மாலைநேரக் கொண்டாட்டமாகப் பாடிவிட்டார்கள்.

ஆனால் ‘டாம் டூலி’ விஷயத்தில் அப்படிச் சொல்ல முடியாது. 1868-இல் வட கரோலினாவில் தூக்கிலிடப்பட்ட ஒருவரைப் பற்றிய அந்தப் பாடலை, டாரியர்ஸ் உருவாவதற்கு முன்பே டார்லிங்கும் கேரியும் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியக் கலைஞர் ராஜர் ஸ்ப்ரங்குடன் ‘ஃபோக்ஸே டிரியோ’ என்ற பெயரில் பதிவு செய்திருந்தார்கள். அதன் பல்லவியில் ‘டாம்’ என்ற பெயருக்கும் ‘டூலி’ என்ற பெயருக்கும் நடுவே குரல் ஒரு கணம் நின்று, பிறகு தொடரும். 1958-இல் கிங்ஸ்டன் டிரியோ அதே பாடலை அதே நிறுத்தத்தோடு பாடி முதலிடம் பிடித்தது. நாட்டுப்புற இசை மறுமலர்ச்சி அந்த இசைத்தட்டிலிருந்துதான் சூடுபிடித்தது என்று எழுதுகிறவர்கள், அந்த ஒரு கண மௌனம் எங்கிருந்து வந்தது என்பதை எழுத மறந்துவிடுகிறார்கள்.

மறதிக்கு இன்னொரு காரணம், அந்தக் குழு ஒரு சத்திரம் போல இருந்ததுதான். தங்கியவர்களில் பலரும் வேறிடம் சென்றே புகழ் பெற்றார்கள். ஆர்கின் நடிப்புக்குப் போய் 2007-இல் ஆஸ்கர் வாங்கினார். டார்லிங் 1958-இல் வீவர்ஸ் என்ற நாட்டுப்புற இசைக்குழுவில் பாடகர் பீட் சீகரின் இடத்துக்குப் போனார். பின்னர் சேர்ந்த எரிக் வைஸ்பெர்க், ‘டெலிவரன்ஸ்’ படத்தில் வந்த ‘டூயலிங் பாஞ்சோஸ்’ என்ற இசை மூலம் பெயர் பெற்றார். அவரைப் போலவே பின்னர் சேர்ந்த மார்ஷல் பிரிக்மன், இயக்குநர் வுடி ஆலனுடன் ‘ஆனி ஹால்’ திரைக்கதையை எழுதி ஆஸ்கரைப் பகிர்ந்துகொண்டார். கடைசிவரை ஒருவரையே அடையாளமாகக் கொண்டிருந்தால்தானே ஒரு குழுவின் பெயர் நிலைக்கும்?

கேள்வி: இவர்களது இசையைக் கேட்க விரும்பினால் எதிலிருந்து தொடங்கலாம்?

பதில்: ‘டாம் டூலி’யின் இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். பிறகு, டார்லிங் தொடங்கிய ரூஃப்டாப் சிங்கர்ஸ் குழுவின் ‘வாக் ரைட் இன்’ பாடலுக்கு வாருங்கள். 12 தந்திக் கிதார்கள் இரண்டு சேர்ந்து ஒலிக்கும் அந்தப் பாடல் 1963-இல் முதலிடம் பெற்றது. அதை 1929-இலேயே தம் குழுவுடன் பதிவு செய்திருந்தவர் மெம்ஃபிஸ் நகரின் கஸ் கேனன். புதிய பதிவு புகழ்பெற்ற வேளையில் எண்பதை எட்டிக்கொண்டிருந்த அந்த முதியவர், குளிர்காலச் செலவுக்காகத் தம் பாஞ்சோவை அடகு வைத்திருந்தார் என்று சொல்வார்கள். அதே ஆண்டில் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் அவரை அழைத்து ஒரு முழு இசைத்தட்டுப் பதிவு செய்தது. அதையும் தேடிக் கேளுங்கள்.