முதலில் போன்ஜூர், அப்புறம்தான் பகெத்

கேள்வி: கணவரின் வேலைக்காக அடுத்த மாதம் பிரான்ஸில் லியோன் நகருக்குக் குடிபோகிறோம். மகள் நிலாவை அங்கேதான் பள்ளியில் சேர்க்க வேண்டும். எனக்குப் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியாது. எப்படி வணக்கம் சொல்வது, அறிமுகம் செய்துகொள்வது? கன்னத்தில் முத்தம் கொடுப்பார்களாமே, நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது.
- ச. மீனா, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, இலக்கணப் புத்தகம் கொஞ்ச நாள் ஓரமாக இருக்கட்டும். முதலில் 'போன்ஜூர்' (வணக்கம்) என்ற ஒரு சொல் நாக்கில் பழக வேண்டும். நம் ஊர்க் கடையில் "அண்ணே, அரை கிலோ சர்க்கரை" என்றால் போதும், அந்த 'அண்ணே'யிலேயே மரியாதை வந்துவிடுகிறது. அங்கே அப்படி நேராக விஷயத்துக்கு வந்தால் எதிரில் இருப்பவரின் முகம் சுருங்கிவிடும். பேக்கரியில் உங்கள் முறை வந்ததும் "போன்ஜூர் மதாம்" என்று சொல்லி, அவர் பதில் சொல்லும்வரை பொறுத்து, அப்புறம் "உய்ன் பகெத், சில் வூ ப்ளே" (ஒரு நீள ரொட்டி, தயவுசெய்து) என்று கேளுங்கள். ஆணாக இருந்தால் 'முசியோ'. டாக்டரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போதும், பஸ் டிரைவரைப் பார்த்ததும் இதேதான். வெறும் புன்னகை போதாது, குரல் வெளியே வர வேண்டும். பொழுது சாய்ந்தபின் 'போன்ஜூரு'க்குப் பதில் 'போன்சுவார்'. இளம்பெண்ணாக இருந்தாலும் 'மதாம்' போதும்; மணமாகாத பெண்ணைக் குறிக்கும் 'மதுமுவாசெல்'லை 2012-இல் அரசுப் படிவங்களிலிருந்தே எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

பள்ளி வாசலில் மற்ற அம்மாக்களிடம் "போன்ஜூர், ஜ சுயி லா மாமான் த நிலா" என்று சொல்லுங்கள். நிலாவின் அம்மா என்ற அறிமுகம் அங்கேயும் செல்லும். பெயரையும் சொல்ல "ஜ மாப்பெல் மீனா". அவர் தன் பெயரைச் சொன்னதும் "ஆன்ஷான்தே" என்றால் சந்தித்ததில் மகிழ்ச்சி என்று ஆகிவிடும்.

படிவங்களில்தான் நம்மவர்கள் திணறுகிறார்கள். 'நோம்' என்ற இடத்தில் குடும்பப் பெயர், 'ப்ரெநோம்' என்ற இடத்தில் உங்கள் பெயர். பாஸ்போர்ட்டில் எது சர்நேமாக இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் கொடுங்கள். அது உங்கள் அப்பா பெயராக இருந்தால், உதாரணத்துக்கு, 'மதாம் சண்முகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். திடுக்கிட வேண்டாம்.

சரி, முத்தத்துக்கு வருவோம். கன்னத்தோடு கன்னம் லேசாகத் தொடும், காற்றில் ஒரு முத்த ஓசை, அவ்வளவுதான். நண்பர்கள், உறவினர்களுக்குள் நடப்பது அது. ஆசிரியையிடமோ டாக்டரிடமோ வராது. பாரிஸில் பெரும்பாலும் இரண்டு, மோன்பெலியே பக்கம் மூன்று என்று எண்ணிக்கை ஊருக்கு ஊர் மாறும். கூச்சமாக இருந்தால் நீங்களே முந்திக்கொண்டு கையை நீட்டிவிடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு இதைத் தவிர்ப்பவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

நீ, நீங்கள் போல 'த்யூ', 'வூ' உண்டு. குழந்தைகளைத் தவிர எல்லோரிடமும் 'வூ' போடுங்கள். அவர்களே 'த்யூ' என்று பேசலாம் என்றால் தயங்காமல் மாறிவிடுங்கள். அதற்குப் பிறகும் 'வூ'வைப் பிடித்துக்கொண்டிருந்தால் விலகி நிற்பதாக நினைப்பார்கள்.

கடையை விட்டுக் கிளம்பும்போது "மெர்சி, ஒர்வுவார்" (நன்றி, போய்வருகிறேன்). நிலாவும் உங்களோடு சேர்ந்து இப்போதே சொல்லிப் பழகட்டும். குழந்தை போன்ஜூர் சொல்லாமல் நின்றால் அங்கே அம்மாவைத்தான் பார்ப்பார்கள்.