மூன்றாவது காஜா

அன்புள்ள அண்ணனுக்கு,

ஓசூர் சிப்காட்டில் வேலை. ஷிப்ட் முடிந்து வந்தால் கேம் விளையாடுவேன். இப்போது 'பேட்மேன்: ஆர்க்கம் நைட்' போய்க்கொண்டிருக்கிறது. 2015இல் வந்த பழைய கேம்தான். அதில் 'தி பெர்ஃபெக்ட் கிரைம்' என்று ஒரு சைடு மிஷன். ராத்திரியில் ஊருக்கு மேலே பறக்கும்போது எங்கிருந்தோ ஓபரா பாட்டு கேட்கும். சத்தத்தைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு பிணத்தைப் பொம்மை மாதிரிக் கட்டி நிறுத்தியிருப்பார்கள். முகம் அடையாளமே தெரியாது. இப்படி ஆறு பிணம். செய்தவன் புரொஃபசர் பிக். பன்றி முகமூடி போட்டுக்கொண்டு ஆட்களை அறுத்து, தைத்து, பொம்மைகளாக்குகிறவன். செம சைக்கோ அண்ணா! இரண்டு நாள் தூக்கமே வரவில்லை. ஆனாலும் திரும்பத் திரும்ப அதையே போட்டுப் பார்க்கிறேன். ஒன்பதாவது படிக்கும் தம்பியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறான். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கண்றாவிக்குத்தான் கரண்ட் பில் கட்டறமா?" என்றார். சூப்பர்ஹீரோ கேமில் இவ்வளவு கோரம் தேவையா? இதை ரசிக்கிற எனக்கு ஏதாவது கோளாறா?

க., ஓசூர்

அன்புள்ள க.,

முதலில் தம்பி விஷயம். இதற்கு முன் வந்த ஆர்க்கம் ஆட்டங்களுக்கு அமெரிக்காவில் பதின்வயதினர் ஆடலாம் என்ற முத்திரைதான் இருந்தது. இதற்கு 17 வயது ஆகியிருக்க வேண்டும் என்று போட்டார்கள். ஐரோப்பாவில் 18. அதைப் படிக்கத் தெரிந்த நீ, பதினாலு வயதுப் பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பிணத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டியிருக்கிறாய். உன் அம்மா சொன்னதுதான் சரி. எனக்கு உன்மேல் கோபம் இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

கோளாறு ஒன்றும் இல்லை. தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறாயே, நல்லது. கோரம் தேவையா, கேம் ஆடினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களா என்பதெல்லாம் டிவியில் நாலு பேர் உட்கார்ந்து பேசட்டும். எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

நான் உட்கார்ந்து பதில் எழுதுவதற்குக் காரணம் வேறு. உன் கடிதத்தைச் சுருக்கித்தான் இங்கே போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் அந்தப் பன்றி முகமூடிக்காரனைப் பற்றி மட்டும் இரண்டு பத்தி இருந்தது. அவன் குரல், அவன் ஏப்ரன், அவன் கத்தி. செத்துப்போன ஆறு பேரைப் பற்றி நீ எழுதியது ஒரே ஒரு சொல், 'ஆறு'.

அந்த மிஷன் உனக்குக் கொடுத்த வேலை என்ன, யோசித்துப் பார். பிணத்தைப் பார்த்ததும் கொலைகாரனைத் துரத்தச் சொல்லவில்லை. அங்கேயே நிற்கச் சொன்னது. தோலைப் பார், தசையைப் பார், எலும்பைப் பார் என்று ஒவ்வோர் அடுக்காக இறங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு தடயம் தேடி, காணாமல் போனவர்களில் இது யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னது. ஆறு தடவை. அதை முடித்தால்தான் அவனிடம் போக முடியும். பேட்மேன் என்ற கோடீஸ்வரன், ஊரே பற்றி எரிகிற ராத்திரியில், எல்லா வேலையையும் விட்டுவிட்டு ஒரு அநாதைப் பிணத்தின் முன்னால் நின்று 'நீ யார்?' என்று கேட்கிறான். லண்டனில் உட்கார்ந்து அதைச் செய்தவர்கள் அந்த இடத்துக்கு இவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள். நீ பட்டனை அமுக்கிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறாய்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2011 மார்ச்சில் நீ சின்னப் பையனாக இருந்திருப்பாய். பெண்களைத் தேடித் தேடிக் கொன்ற ஒரு லாரி ஓட்டுநரைத் தருமபுரி நீதிமன்றத்துக்குக் கூட்டி வந்தார்கள். திரும்பிப் போகும்போது சேலத்தில் தப்பிவிட்டான். காவலுக்குப் போன போலீஸ்காரர்களில் ஒருவர் தன்னையே சுட்டுக்கொண்டு செத்தார். அவனைப் பிடிக்க மே மாதம் ஆகிவிட்டது. நடுவில் இருந்த அத்தனை நாளும் நம் பக்கத்துப் பெண்கள் இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்தார்கள். என் அக்கா தருமபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் போடுவாள், வந்து கூட்டிப் போ என்று. அவன் பெயர் இன்றைக்கும் டீக்கடையில் எல்லோருக்கும் தெரியும், முன்னால் 'சைக்கோ' என்ற பட்டத்தோடு. 2018இல் பெங்களூர்ச் சிறையில் செத்தபோது அதுவும் செய்தியானது. அவன் கையால் செத்த பெண்களில் 2009இல் பணியில் இருந்த ஒரு பெண் காவலரும் உண்டு. அவர் பெயர் யாருக்காவது சட்டென்று வருகிறதா? கேட்டுப் பார்த்தேன். ஒருவருக்கும் வரவில்லை. எனக்கும் வரவில்லை. அதனால்தான் அவன் பெயரையும் இங்கே எழுதவில்லை.

நம் மண்ணுக்கு இது புதுப் பழக்கம். தருமபுரி அகழ்வைப்பகத்துக்கு, அதாவது அங்கே இருக்கிற அருங்காட்சியகத்துக்கு, ஒரு நாள் போ. வெட்டவெளியில் நடுகற்கள் வரிசையாக நிற்கும். மாட்டைக் கவர்ந்து போக வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன் இன்னான், இன்னாரின் சேவகன் என்று கல்லில் இருக்கும். குத்தியவன் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மன் காலத்தது. செத்தவன் பெயர் அதில் இருக்கிறது. அவன் பக்கத்தில் நின்று கள்ளனைக் கடித்த நாய்க்கும் பெயர் இருக்கிறது, கோவிவன் என்று. ஆயிரத்து நானூறு வருஷமாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது. வந்த கள்ளனின் பெயர் இல்லை.

சரி, எங்கள் கடைக்கு வருகிறேன். உன் கடிதத்தைப் படித்ததும் ஞாபகம் வந்தது இதுதான்.

அப்பா காவேரிப்பட்டணத்தில் டெய்லர். 1991, அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டம் ஆகவில்லை, எல்லாம் தருமபுரிதான். எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கடையில் நான்தான் காஜா பையன். பட்டன் ஓட்டையைச் சுற்றி நூல் கட்டுவது என் வேலை. ஒரு சட்டைக்கு ஆறு, ஏழு காஜா.

மாங்காய் சீசன் முடிந்த நேரம். ஒரு ஏட்டய்யா சைக்கிளை நிறுத்திவிட்டுச் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலத்தோடு உள்ளே வந்தார். தொப்பூர் கணவாயில் ஒரு ஆள் அடிபட்டுக் கிடந்தானாம். அடித்த வண்டி நிற்கவில்லை. பையில் ஒரு சீட்டும் இல்லை, முகமும் இல்லை. மூன்று நாளாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், யாரும் தேடி வரவில்லை. காலரில் எங்கள் கடை லேபிள் இருந்ததால் வந்தேன் என்றார்.

அப்பா மெஷினை விட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். சட்டையைக் கழுவித்தான் கொண்டு வந்திருந்தார்கள். ஆனாலும் காலர் மடிப்பில் பழுப்பாக ஒரு கறை. அப்பா அதை வெளிப்பக்கம் பார்க்கவே இல்லை. உள்பக்கம் திருப்பித் தையலை விரலால் தடவிக்கொண்டே போனார். "நான் தெச்சதுதான்" என்றார். அப்புறம் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து, உயிரோடு ஒரு ஆள் எதிரில் நிற்பது போலவே, தோள், மார்பு, கை என்று அளந்து வாய்க்குள் முணுமுணுத்தார். அளவு நோட்டை எடுத்தார். ஒவ்வோர் அளவுக்குப் பக்கத்திலும் அந்தத் துணியில் ஒரு துண்டு வெட்டிக் குண்டூசியில் குத்தியிருப்பார். வெளிர் நீலத்தில் வெள்ளைக் கோடு. அந்தத் துணியில் அதே அளவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள். தீபாவளிக்கு ஒரே கடையில் எடுத்த துணி.

யார் என்று சொல்ல முடியாமல் அப்பா சட்டையை மேசைமேல் விரித்தார். நான் அப்போதுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். மேலிருந்து மூன்றாவது காஜா கோணல். நூல் ஒரு பக்கம் முட்டாகத் திரண்டிருந்தது.

அது என் காஜா. அதற்காக அப்பா என் தலையில் குட்டியது நன்றாக ஞாபகம் இருந்தது. சட்டை வாங்க வந்த ஆள் எதிரிலேயே குட்டினார். அந்த ஆள், "உடுங்க மாஸ்டர், சின்னப் பையன். பட்டன் நின்னா போதும்" என்று சொல்லி, அந்தச் சட்டையையே போட்டுக்கொண்டு போனார். லோடு ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. லாரியோடு போனால் பத்து நாள் கழித்துத்தான் வருவார். அதனால்தான் வீட்டில் தேடவில்லை.

நான் பெயரைச் சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார். நிச்சயமாவா என்று கேட்டார். காஜாவைத் தொட்டுக் காட்டினேன்.

ஏட்டய்யா உடனே எழுதிக்கொள்ளவில்லை. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "எங்கே, இன்னொரு தடவை சொல்லு" என்றார். இரண்டாவது தடவை சொன்னபோது எனக்குக் குரல் வரவில்லை. மூன்று நாளாக 'அடையாளம் தெரியாத ஆண் பிரேதம், வயது சுமார் 40' என்று இருந்தவர் அந்தப் பேனாவில் ஒரு ஆள் ஆனார். யாருடைய மகன், யாருடைய புருஷன், எந்தத் தெரு எல்லாம் வரிசையாக வந்தது. அப்பா பலகைகளைச் சாத்திவிட்டு ஏட்டய்யாவோடு அந்த வீட்டுக்கு நடந்து போனார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டேதான் போனார்கள். ஏறி மிதிக்க இரண்டு பேருக்கும் மனசு வரவில்லை என்று நினைக்கிறேன்.

அவர் பெயரை உனக்கு நான் சொல்ல வேண்டும், இவ்வளவு பேசிவிட்டுச் சொல்லாமல் இருப்பது நியாயமில்லை. ஆனால் அவர் மகள் இன்றும் காவேரிப்பட்டணத்தில் இருக்கிறாள், பேரன் பேத்தி எடுத்துவிட்டாள். அவளைக் கேட்காமல் பொதுவில் எழுத எனக்கு உரிமை இல்லை. அடுத்த மாதம் ஊருக்குப் போகும்போது கேட்பேன். சரி என்றால் இதே இடத்தில் போடுகிறேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. அந்த மிஷனை முதலிலிருந்து ஆடு. ஒவ்வொரு உடம்பின் முன்னாலும் அவசரப்படாமல் நில். திரையில் பெயர் வரும்போது பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு எழுது. ஆறு பெயரும் எனக்கு வர வேண்டும். பன்றி முகமூடிக்காரனைப் பற்றி இனி ஒரு வரிகூட எழுதாதே.

தம்பி தூங்கின பிறகு ஆடு.

அன்புடன்,
அண்ணன்